வீட்டில் பியானோ இல்லாத பியானோ வித்வான்

1996-ஆம் ஆண்டு மார்ச் மாதம். கியூபா நாட்டின் தலைநகரமான ஹவானா. நகரின் நடுவே ஒரு பழைய ஒலிப்பதிவுக்கூடம்.

காலை நேரம். கூடத்தின் கதவு இன்னும் திறக்கவில்லை. வாசலில் ஒரு பெரியவர் காத்து நிற்கிறார். வயது 76. மெலிந்த உடம்பு. நரைத்த தலை. நடையிலே தளர்ச்சி.

கதவு திறக்கிறது. அவ்வளவுதான்! தளர்ச்சி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பெரியவர் விறுவிறு என்று உள்ளே போகிறார். யாரோடும் பேசவில்லை. நேரே பியானோவிடம் போகிறார். உட்காருகிறார். வாசிக்கத் தொடங்கிவிடுகிறார்!

மற்ற வித்வான்கள் வருகிறார்கள். ஒலிப்பதிவு செய்பவர்கள் வருகிறார்கள். பெரியவர் வாசித்துக்கொண்டே இருக்கிறார். மறுநாள் காலையிலும் அவரே முதல் ஆள். அதற்கு மறுநாளும் அப்படியே.

ஏன் இந்த அவசரம்? காரணம் உண்டு. அவர் வீட்டில் பியானோ இல்லை. பல ஆண்டுகளாக இல்லை.

ஆனால், கியூபாவில் பியானோ வாசிக்கும் முறையையே மாற்றி அமைத்த மூவரில் அவர் ஒருவர். அவர் பெயர் ரூபன் கொன்சாலஸ்.

கரும்பு விளையும் தீவு

கியூபா ஒரு தீவு. அமெரிக்காவின் தென்கோடியிலிருந்து 90 மைல் தொலைவில், கடலுக்கு நடுவே இருக்கிறது. கரும்புக்கும் சுருட்டுக்கும் பெயர் போன நாடு.

நெடுங்காலம் ஸ்பெயின் தேசத்தார் அந்தத் தீவை ஆண்டார்கள். கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஆப்பிரிக்காவிலிருந்து மக்களைப் பிடித்து வந்து அடிமைகளாக்கினார்கள். 1886-ஆம் ஆண்டில்தான் அங்கே அடிமை முறை ஒழிந்தது.

ஸ்பெயின்காரர்கள் கித்தாரைக் கொண்டு வந்தார்கள். ஆப்பிரிக்க மக்கள் தங்கள் தாளத்தை மறக்கவில்லை. கித்தாரும் தாளமும் ஒன்று சேர்ந்தன. அப்படிப் பிறந்ததுதான் கியூபாவின் சங்கீதம்.

இந்தத் தீவின் நடுப்பகுதியில் சாந்தா கிளாரா என்று ஓர் ஊர். அங்கே 1919-ஆம் ஆண்டு மே மாதம் 26-ஆம் தேதி ரூபன் பிறந்தார்.

சிறு வயதிலேயே பியானோ கற்கத் தொடங்கினார். சியென்ஃபுவேகோஸ் என்ற துறைமுக நகரில் ஒரு சங்கீதக் கல்லூரி இருந்தது. அங்கே முறைப்படி படித்தார். ஐரோப்பிய மேதைகள் இயற்றிய இசையை ஏட்டைப் பார்த்துப் பிழையின்றி வாசிக்கப் பழகினார். 1934-இல் படிப்பு முடிந்தது. அப்போது அவருக்கு வயது 15.

டாக்டரா, வித்வானா?

ரூபனுக்கு இரண்டு ஆசைகள். ஒன்று, டாக்டராக வேண்டும். மற்றொன்று, பியானோ வாசிக்க வேண்டும்.

இரண்டையும் சேர்த்துச் செய்யலாம் என்று அவர் எண்ணினார். பகலில் வைத்தியம், இரவில் வாத்தியம்! நல்ல திட்டந்தான். வைத்தியப் படிப்பிலும் இறங்கினார்.

ஆனால் சங்கீதம் பங்காளியை ஏற்கவில்லை. படிப்பை விட்டார். 1941-ஆம் ஆண்டு ஹவானாவுக்குப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 22.

அந்தக் காலத்து ஹவானாவில் எங்கே பார்த்தாலும் பாட்டும் நடனமும்தான். நடன மண்டபங்கள், இரவு விடுதிகள், வானொலி நிலையங்கள், சங்கங்கள் எல்லாவற்றிலும் வாத்தியக் குழுக்கள் உண்டு. வித்வான்களுக்குக் கிடைத்த சம்பளம் சொற்பம். ஆனாலும் வாசிப்பதற்கு ஆள் குறையவில்லை. ஆசைக்காக வாசித்தவர்கள் அவர்கள்.

ரூபன் ஒரு குழுவில் சேர்ந்தார். பிறகு இன்னொரு குழு. பெயர் பெற்ற பாடகி பவுலினா ஆல்வாரெஸின் குழுவிலும் வாசித்தார். எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் கை தயங்காது. மெதுவான பாட்டா? சரி. ஆட வைக்கும் பாட்டா? அதுவும் சரி. அமெரிக்காவின் ஜாஸ் இசையா? அதிலிருந்தும் நல்லதை எடுத்துக்கொண்டார்.

பார்வையற்ற மேதை

அப்போது ஹவானாவில் ஒரு பெரிய மேதை இருந்தார். பெயர் ஆர்செனியோ ரோட்ரிகெஸ். குழந்தைப் பருவத்தில் நேர்ந்த விபத்தில் அவர் இரண்டு கண்களின் பார்வையையும் இழந்தவர். 'திரெஸ்' என்ற வாத்தியத்தை வாசிப்பதில் அவருக்கு ஈடு இல்லை. கித்தாரைப் போன்ற வாத்தியம் அது. அதில் கம்பிகள் இரண்டிரண்டாக மூன்று ஜோடியாய் இருக்கும்.

கண் தெரியாத ஆர்செனியோ மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்றைக் கண்டார். கியூபாவின் நாட்டுப்பாடலுக்கு 'சோன்' என்று பெயர். அந்தப் பாட்டுக்குச் சிறு குழு போதாது என்று அவருக்குத் தோன்றியது. குழுவைப் பெரிதாக்கினார். ஊதுகுழல்களைக் கூட்டினார். நெட்டையான கொங்கா முரசைச் சேர்த்தார். பியானோவையும் கொண்டு வந்து வைத்தார். நடன மண்டபம் அதிர்ந்தது!

அந்தப் பியானோவில் உட்கார்ந்தவர்களில் ஒருவர்தான் நம் ரூபன். 1943-இல் ஆர்செனியோவின் குழுவோடு அவர் வாசித்தது இசைத்தட்டில் பதிவாயிற்று. அதுவே அவருடைய முதல் ஒலிப்பதிவு.

ஆர்செனியோ அவருக்கு ஒரு புத்தி சொன்னார். மற்றவர்கள் எப்படி வாசிக்கிறார்கள் என்று கவலைப்பட வேண்டாம், உன் வழியில் நீ வாசி என்பதே அது. ரூபன் அதைக் கடைசி வரை மறக்கவில்லை.

பியானோவுக்கு என்ன வேலை?

ரூபன் செய்தது என்ன? அதை விளங்கிக்கொள்ள வேண்டுமானால் கியூபா இசையில் பியானோவுக்கு உள்ள வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கியூபாப் பாட்டுக்கு அடிப்படை ஒரு தாளக்கணக்கு. உருண்டையான இரண்டு கட்டைகளை ஒன்றோடு ஒன்று தட்டி அதை எழுப்புவார்கள். அதற்குக் 'கிளாவே' என்று பெயர். முதலில் மூன்று தட்டு, பிறகு இரண்டு தட்டு. அல்லது முதலில் இரண்டு, பிறகு மூன்று. பாட்டு முடியும் வரை இந்தக் கணக்கு மாறாது. குழுவில் உள்ள அத்தனை பேரும் இதற்குக் கட்டுப்பட்டவர்கள்.

பியானோவில் 88 கட்டைகள் உண்டு. சுருதியும் அதிலே, தாளமும் அதிலே. பாடகர் பாடும்போது பியானோக்காரர் ஒரு சிறு மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆட வந்தவர்களின் கால் நிற்காமல் இருப்பது அந்த மெட்டினால்தான். சக்கரம் சுற்றுவது போல அது சுற்ற வேண்டும். ஆனால் யந்திரம் போலச் சலிப்புத் தட்டக் கூடாது.

நம் கச்சேரிகளில் பக்கவாத்தியம் வாசிப்பவரை நினைத்துப் பாருங்கள். பாடகரைத் தாங்க வேண்டும், அவரை மறைக்கக் கூடாது. தனியாக வாசிக்க இடம் கிடைத்தால் அந்தச் சில நிமிஷத்தில் தம் வித்தையைக் காட்டிவிட வேண்டும். பிறகு மறுபடியும் தாளத்துக்குள் அடங்கிவிட வேண்டும்.

ரூபன் இதில் கெட்டிக்காரர். தனி வாசிப்பு வரும்போது அவர் விரல்கள் குறும்பு செய்யும். தாளத்தை விட்டு எங்கோ ஓடிவிட்டார் என்று தோன்றும். கேட்பவர் திகைத்துப் போவார். சரியான இடத்தில் வந்து இறங்கிவிடுவார்! கேட்பவர் முகத்தில் சிரிப்பு வரும்.

1940-களில் மூன்று பேர் கியூபாவின் புதிய பியானோ முறையை உருவாக்கினார்கள். ரூபன் கொன்சாலஸ், லிலி மார்டினெஸ், பெருச்சின் என்பவர்களே அந்த மூவர். ரூபன் விலகிய பிறகு ஆர்செனியோவின் குழுவில் பியானோ வாசிக்க வந்தவர் லிலி மார்டினெஸ். பின்னால் வந்த பியானோக்காரர்கள் எல்லாரும் இந்த மூவர் போட்ட பாதையில் நடந்தவர்கள்தாம்.

கடல் கடந்து

ரூபன் ஓரிடத்தில் நிற்கவில்லை. பனாமாவுக்குப் போனார். வெனிசுவேலாவுக்குப் போனார். தென் அமெரிக்காவில் உள்ள அர்ஜென்டீனாவுக்கும் போனார்.

அர்ஜென்டீனாவின் தலைநகரம் புவேனஸ் அயர்ஸ். அது 'டாங்கோ' நடனத்தின் தாய்வீடு. டாங்கோ இசை வேறு, கியூபா இசை வேறு. ஒன்றின் தாளம் மற்றொன்றுக்கு ஒத்து வராது. ஆனால் ரூபன் அந்த ஊர் வித்வான்களோடும் சேர்ந்து வாசித்தார். போன இடத்து இசையைக் கற்றுக்கொள்ள அவர் கூச்சப்படவில்லை.

பிறகு ஹவானா திரும்பினார். நடன மண்டபங்களில் வாசித்தார். இரவு விடுதிகளில் வாசித்தார். அழைத்த குழுக்களுக்கெல்லாம் வாசித்தார்.

இசைத்தட்டின் உறையில் பாடகரின் பெயர் பெரிதாக இருக்கும். குழுத் தலைவரின் பெயரும் இருக்கும். பியானோக்காரர் பெயரை யார் தேடிப் பார்க்கிறார்கள்? பாட்டைக் கேட்டார்கள், ஆடினார்கள், ரசித்தார்கள். வாசித்தவர் யார் என்று கேட்டவர்கள் சிலர்தான்.

சா-சா-சா!

1950-களின் தொடக்கத்தில் ஒரு புதிய நடனம் கியூபாவைப் பிடித்துக்கொண்டது. அதைக் கொண்டு வந்தவர் என்ரிக்கே ஹொர்ரின் என்ற பிடில் வித்வான்.

அதற்கு முன் இருந்த ஆட்டங்களில் தாளம் சிக்கலாக இருந்தது. சாதாரண மக்களுக்கு அடி வைப்பது கஷ்டம். ஹொர்ரின் தாளத்தை எளிமையாக்கினார். மக்கள் ஆடினார்கள். ஆடும்போது அவர்கள் காலணி தரையில் உரசி, சா-சா-சா என்று சத்தம் உண்டாயிற்று. அதுவே நடனத்தின் பெயர் ஆகிவிட்டது! உலகம் முழுவதும் அந்த நடனம் பரவியது.

1959-இல் கியூபாவில் புரட்சி வெற்றி பெற்றது. ஃபிடல் காஸ்ட்ரோ ஆட்சிக்கு வந்தார். 1962-இல் அமெரிக்கா கியூபாவோடு வியாபாரத்தை நிறுத்தியது. இசைக் கலைஞர்கள் பலர் நாட்டை விட்டுப் போனார்கள். பலர் நாட்டிலேயே தங்கினார்கள்.

ரூபன் தங்கியவர்களில் ஒருவர். 1960-களின் தொடக்கத்தில் அவர் ஹொர்ரினின் குழுவில் சேர்ந்தார். ஒரு வருஷம், இரண்டு வருஷம் அல்ல. கிட்டத்தட்ட 25 வருஷம் அந்தக் குழுவிலேயே வாசித்தார்!

இடையில் 1975-இல் அவர் பெயரிலேயே ஓர் இசைத்தட்டு கியூபாவில் வெளிவந்தது. வெளி உலகத்துக்கு அது எட்டவில்லை.

1987-ஆம் ஆண்டு டிசம்பரில் ஹொர்ரின் காலமானார். குழுவை நடத்தும் பொறுப்பு ரூபனிடம் வந்தது. சில காலம் நடத்தினார். ஆனால் தலைமை வகிப்பதில் அவருக்கு நாட்டம் இல்லை. ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்துவிட்டார்.

உளுத்துப்போன பியானோ

வீட்டில் ஒரு பியானோ இருந்தது. ஆனால் கியூபா வெப்பமும் ஈரமும் நிறைந்த நாடு. மரச்சாமானைப் பூச்சி விட்டு வைக்காது. பியானோ உள்ளுக்குள்ளே உளுத்துப்போயிற்று. பிறகு அது வாசிப்பதற்கு உதவவில்லை.

வேறு பியானோ வாங்க வழி இல்லை. 1991-இல் சோவியத் யூனியன் கலைந்தது. அந்த நாட்டின் உதவியை நம்பியிருந்த கியூபா தத்தளித்தது. உணவுக்குத் தட்டுப்பாடு. பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. மின்சாரம் அடிக்கடி நின்றது. வீட்டுக்கு வீடு மக்கள் அன்றாடப் பாட்டுக்கே திண்டாடினார்கள். அந்த நேரத்தில் பியானோவுக்கு எங்கே போவது?

இன்னொரு துன்பமும் சேர்ந்தது. ரூபனுக்கு மூட்டு வாதம் வந்தது. விரல்களின் கணுக்கள் வலித்தன.

உளி இல்லாத தச்சர், வலை இல்லாத செம்படவர், பியானோ இல்லாத பியானோக்காரர்! மூவரும் ஒன்றுதான். ரூபன் வாசிப்பதை விட்டுவிட்டார். தம் காலம் முடிந்துவிட்டது என்றே எண்ணினார்.

ஊரும் அவரை மறந்தது. இளைஞர்களுக்கு வேறு பாட்டு, வேறு ஆட்டம். பழைய வித்வான்கள் ஹவானாவின் சந்துகளில் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். தேன் போன்ற குரல் கொண்ட பாடகர் இப்ராகிம் ஃபெர்ரர் காலணிகளுக்குப் பாலிஷ் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தார்.

வராத விருந்தாளிகள்

1996-ஆம் ஆண்டு வந்தது. லண்டனில் ஓர் இசைத்தட்டு நிறுவனம். பெயர் வேர்ல்டு சர்க்கியூட். அதை நடத்தியவர் நிக் கோல்டு. ஆப்பிரிக்காவின் மாலி நாட்டிலிருந்து கித்தார் வித்வான்களை ஹவானாவுக்கு வரவழைத்து, கியூபா வித்வான்களோடு சேர்த்து வாசிக்க வைக்க வேண்டும் என்பது அவர் திட்டம்.

அமெரிக்கக் கித்தார் கலைஞர் ரை கூடரும் இதற்காக ஹவானா வந்தார். இவர் நம் நாட்டு மோகன வீணை வித்வான் விசுவ மோகன் பட்டோடு சேர்ந்து 1993-இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டு, அதற்காகக் கிராமி விருது பெற்றவர்.

எல்லா ஏற்பாடும் ஆயிற்று. கூடத்துக்கு வாடகை பேசியாயிற்று. ஆனால் மாலி வித்வான்கள் வந்து சேரவில்லை!

என்ன செய்வது? ஹவானாவில் ஹுவான் தெ மார்கோஸ் கொன்சாலஸ் என்ற இசைக் கலைஞர் இருந்தார். பழைய வித்வான்கள் மீது அவருக்கு மதிப்பு அதிகம். அவருடைய தந்தையும் அந்தக் காலத்தில் ஆர்செனியோவோடு பாடியவர். பழைய கலைஞர்களைச் சேர்த்து ஒரு குழு அமைக்க அவர் ஏற்கனவே முயன்றுகொண்டிருந்தார். மறந்துபோன மேதைகளை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தார்.

இப்ராகிம் ஃபெர்ரர் வந்தார். பாடகி ஒமாரா போர்த்துவோண்டோ வந்தார். 88 வயதைத் தாண்டிய கொம்பாய் செகுந்தோ வந்தார்.

ரூபனையும் தேடிப் போனார்கள். அவர் தயங்கினார். வாசிப்பை விட்டு வெகு காலம் ஆயிற்று, விரலில் வாதம் இருக்கிறது, இனி முடியாது என்பது அவர் எண்ணம். ஆனாலும் வந்தார்.

கூடத்தில் பியானோ இருந்தது. ரூபன் உட்கார்ந்தார். கட்டைகளின் மேல் கையை வைத்தார்.

விரல்கள் மறக்கவில்லை! 15 வயதில் கல்லூரியில் கற்றது, ஆர்செனியோவிடம் பழகியது, டாங்கோ ஊரில் கேட்டது, ஹொர்ரினோடு 25 வருஷம் வாசித்தது எல்லாம் அந்த விரல்களிலேயே இருந்தன. முதலில் சற்றுத் தடுமாறினாலும் வாசிக்க வாசிக்கப் பழைய வேகம் வந்தது. கேட்டவர்கள் அசந்துபோனார்கள். தம் வாழ்நாளில் இப்படி ஒரு பியானோத் தனி வாசிப்பைக் கேட்டதில்லை என்று ரை கூடர் வியந்தார்.

அன்று முதல்தான் ரூபன் காலையில் கதவு திறக்குமுன் வந்து நிற்கத் தொடங்கினார்.

இரண்டே நாளில் ஓர் இசைத்தட்டு

ஒன்றுக்குப் பதில் மூன்று இசைத்தட்டுகள் அந்தச் சில வாரங்களில் உருவாயின.

முதலாவது, ஹுவான் தெ மார்கோஸின் பெரிய குழு வாசித்தது. இரண்டாவது, ரை கூடர் முன்னின்று தயாரித்தது. அதற்குப் 'புவேனா விஸ்தா சோஷியல் கிளப்' என்று பெயர் வைத்தார்கள். பழைய ஹவானாவில் கறுப்பு இன மக்கள் கூடி ஆடிப் பாடிய ஒரு சங்கத்தின் பெயர் அது. அந்தச் சங்கம் புரட்சிக்குப் பிறகு மூடப்பட்டுவிட்டது. அதன் பெயரைத் தாங்கிய ஒரு பழைய மெட்டு உண்டு. அதற்கும் இசைத்தட்டில் பியானோ வாசித்தவர் ரூபனே.

இரண்டு வேலையும் முடிந்தன. கூடம் இன்னும் இரண்டு நாள் கைவசம் இருந்தது. அந்த இரண்டு நாளையும் ரூபனுக்கே கொடுத்துவிடுவது என்று முடிவாயிற்று.

ரூபன் உட்கார்ந்தார். பக்கத்தில் பெரிய பாஸ் வாத்தியத்தோடு கச்சாயித்தோ லோபெஸ். குழல் ஊத மிராபால். தாளத்துக்குத் தனி ஆட்கள். வாசித்ததை ஒட்டவில்லை, வெட்டவில்லை. பிற்பாடு எதையும் மேலே சேர்க்கவில்லை. எதிரே உட்கார்ந்து கேட்பது போல அப்படியே பதிவு செய்தார்கள். இரண்டே நாளில் வேலை முடிந்தது!

மறு ஆண்டு, 1997-இல் அது வெளிவந்தது. அந்த இசைத்தட்டுக்கு என்ன பெயர் தெரியுமா? 'இன்ட்ரடியூசிங் ரூபன் கொன்சாலஸ்'. அறிமுகம் என்று பொருள்.

சங்கீதக் கல்லூரியில் படிப்பை முடித்து 63 ஆண்டுகள் கழித்து, பியானோ வித்வான் ஒருவர் உலகத்துக்கு அறிமுகம் ஆனார்!

நியூயார்க் மேடையில்

புவேனா விஸ்தா இசைத்தட்டு காட்டுத்தீ போலப் பரவியது. பல இலட்சம் விற்றது. 1998-இல் கிராமி விருது பெற்றது. கியூபாவின் மொழி தெரியாதவர்கள்கூட அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

1998 ஏப்ரல் மாதத்தில் ஹாலந்து நாட்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் கச்சேரி நடந்தது. ஜூலை முதல் தேதி நியூயார்க் நகரின் கார்னகி மண்டபத்தில் கச்சேரி. உலகப் புகழ் பெற்ற மண்டபம் அது. அமெரிக்காவுக்கும் கியூபாவுக்கும் 36 ஆண்டுகளாக வியாபாரம் இல்லை. இரண்டு அரசாங்கங்களும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்படிப்பட்ட நாட்டின் பெரிய மேடையில், ஹவானாவின் கிழவர்கள் ஏறி நின்றார்கள். மண்டபம் நிரம்பி வழிந்தது.

ரூபன் மேடையில் நடக்கவே சிரமப்படுவார். பியானோவின் முன் உட்காரும் வரைதான் அந்தச் சிரமம். உட்கார்ந்ததும் 20 வயது வாலிபர் போல ஆகிவிடுவார்.

ஜெர்மன் திரைப்பட இயக்குநர் விம் வெண்டர்ஸ் இந்த வித்வான்களின் கதையைப் படமாக எடுத்தார். 1999-இல் படம் வெளிவந்தது. ஆஸ்கார் பரிசுக்கும் அதன் பெயர் முன்மொழியப்பட்டது.

அந்தப் படத்தில் ஒரு காட்சி. ஹவானாவில் ஒரு பெரிய பழைய கட்டடம். உள்ளே சிறுவர் சிறுமியர் உடற்பயிற்சி செய்கிறார்கள். நடனம் பழகுகிறார்கள். கூடத்தில் ரூபன் பியானோ வாசிக்கிறார். குழந்தைகள் ஒவ்வொருவராக அவரைச் சுற்றி வந்து கூடுகிறார்கள். பெரியவர் முகத்தில் அப்போது தோன்றும் மகிழ்ச்சியைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

கடைசி நாட்கள்

2000-ஆம் ஆண்டு ரூபனின் பெயரில் இன்னோர் இசைத்தட்டு வந்தது. அதன் பெயர் 'சஞ்சூயோ'. அதே பழைய கூடம், அதே ஹவானா. அப்போது அவருக்கு வயது 81. பல நாடுகளுக்கும் போய் வந்தார். அதுவரை மற்றவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தவர், இப்போது தம் பெயரில் ஒரு குழுவோடு மேடை ஏறினார்.

ஆனால் வயதை எத்தனை நாள் ஏமாற்ற முடியும்? உடல் நலம் குன்றியது. 2002-ஆம் ஆண்டுக்குப் பிறகு அவரால் மேடை ஏற முடியவில்லை.

2003 ஜூலை மாதம் கொம்பாய் செகுந்தோ 95-ஆம் வயதில் மறைந்தார். அதே ஆண்டு டிசம்பர் மாதம் 8-ஆம் தேதி ரூபன் கொன்சாலஸ் ஹவானாவில் காலமானார். அவருக்கு வயது 84. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2005-இல், இப்ராகிம் ஃபெர்ரரும் போய்ச் சேர்ந்தார்.

ரூபனின் வாழ்க்கையில் புகழ் வந்த காலம் சுமார் ஆறு ஆண்டுதான். அதற்கு முன் 50 ஆண்டுக்கு மேல் அவர் பிறருக்குத் துணையாக வாசித்தவர். புகழ் இல்லாத அந்த 50 ஆண்டிலும் அவர் ஒரே மாதிரிதான் வாசித்தார். அரைகுறையாக வாசிக்கவில்லை. யார் பெயருக்காக வாசித்தாலும் தம் முழு வித்தையையும் கொடுத்தார். அதனால்தான், கதவு திறந்த அன்று, விரல்கள் அவரைக் கைவிடவில்லை.

மாலி நாட்டு வித்வான்கள் சொன்னபடி ஹவானாவுக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கூடத்தில் அந்த இரண்டு நாள் மிஞ்சாமல் போயிருந்தால்? ரூபன் கொன்சாலஸ் என்ற பெயர் கியூபாவுக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

அவரைப் போல இன்னும் எத்தனை பேர், எந்தெந்த ஊரில், வாத்தியம் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து இருந்தார்களோ! அவர்களைத் தேடிப் போன ஆள் இல்லை. ரூபனைத் தேடி ஆள் வந்தது. அவர் விரல்களும் தயாராக இருந்தன.

இன்றும் அந்த இரண்டு நாள் இசைத்தட்டைப் போட்டுக் கேட்கலாம். தாளம் தொடங்கும். பியானோ உள்ளே வரும். எங்கோ ஓடும், குறும்பு செய்யும், திரும்பி வரும். வாதம் பிடித்த விரல்கள் என்று ஒருவராலும் சொல்ல முடியாது.